விற்பனைக்கு அல்ல

ஜுசாரா தன் விளையாட்டுப் பெட்டியைத்
துண்டில் சுற்றி முதுகுப்பைக்குள் வைத்தாள்.
டிவி வாங்கப் போகிறோமா, பிரசவத்துக்குப் போகிறோமா
என்று கேட்டேன். சிரிக்கவில்லை.
காலை ஐந்து மணி, காஸ்கவேலில் பனி.
என் காரில் ஒரு வைப்பர்தான் ஓடும்,
அதுவும் அவள் பக்கத்தில்.

எல்லைப் பாலம் வரைக்கும் அவள் பேச்சு
மில்லிசெகண்டு பற்றித்தான்.
பொத்தானை அழுத்துவதற்கும்
திரையில் அந்தப் பையன் குதிப்பதற்கும் நடுவே
ஒரு பள்ளம் இருக்கிறதாம்.
இப்போதுள்ள டிவியில் தினமும் விழுந்து சாகிறானாம்.
எனக்கு டிவி என்றால் கால்பந்து,
கோல் எப்போது வந்து சேர்ந்தாலும் கோல்தான்
என்றேன். என்னைப் பார்த்த பார்வை
கோழித் தொழிற்சாலையில் நான் நன்கறிந்தது:
தொடை எலும்பைத் தேடும் கத்தியின் பார்வை.

பதினோரு வருடமாக ஒரே பெல்ட்டில் நிற்கிறோம்.
அது யாருக்காகவும் நின்றதில்லை.
அவள் மணிக்கட்டில் இரண்டு தையல், ஒரு பட்டை.

நாசிஃபின் கடை மூன்றாவது மாடியில்.
தம்பியை அரபியில் திட்டிவிட்டு
எங்களிடம் போர்த்துகீசில் உருகினான்.
ஐம்பத்தைந்து அங்குலத்தில் ஒரு கிளி,
சிறகின் ஒவ்வொரு தூவியும் தனித்தனியாக.
அப்புறம் தேன் சொட்டியது, மெதுவாக,
தேனுக்கே அலுத்துப்போகும் மெதுவாக.
"கிளி எனக்கெதற்கு? கேம் மோடு எங்கே?"

துண்டைப் பிரித்தாள். முட்டிபோட்டு ஒயரைச் செருகினாள்.
செல்போனை ஸ்லோ மோஷனில் பிடிப்பது என் வேலை,
கட்டைவிரலும் திரையும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும்.
விரல் இறங்கியது.
ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன்.
இருபத்தெட்டில்தான் அவன் கால் தரையை விட்டது.
அடுத்தது பத்தொன்பது.
விலை குறைந்த சீனாக்காரன் இருபத்தொன்று.
எல்லாவற்றையும் பட்டைமேல் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள்:
நாற்பது அங்குலம், ஆறு வயசு,
ஓரத்தில் ஒட்டுத்தாளின் அழுக்குப் பசை,
நடுவில் இன்றைய டாலர் விலை.
"அது விலைப்பலகை அம்மா, விற்பனைக்கு அல்ல."
"ஒரு தடவை செருகிப் பார்க்கிறேன்."

பன்னிரண்டு!
நான் கத்தியிருக்கக் கூடாது.
விற்பனைக்கு இல்லாத பொருளின் விலை
அந்த நிமிடமே இருநூறு ரியால் ஏறியது.

ஜுசாரா பேரம் பேசவில்லை.
தரையில் சம்மணமிட்டு ஆடிக்கொண்டே இருந்தாள்.
வந்தவர்கள் எல்லாம் டாலர் எவ்வளவு என்றார்கள்.
நாசிஃப் அட்டைப்பெட்டியைக் கிழித்து
கரித்துண்டால் எழுதி மாட்டினான்,
தப்பாக எழுதினான், மறுபடி கிழித்தான்.
அவள் ஆறாவது கட்டத்தைத் தாண்டும்போது
நானூற்றெண்பது என்றான். தாங்குகால் கிடையாது,
ரிமோட்டுக்கு ரப்பர்பேண்டு இலவசம்.

சுங்கத்தில் அந்த அதிகாரி
துண்டின் முனையைத் தூக்கிப் பார்த்தார்.
"பாலம் தாண்டிப்போய் இதையா வாங்கினீர்கள்?"
வருத்தத்தோடு வழிவிட்டார்.

இரவு, மாவு மூட்டையில் அதைச் சாய்த்து வைத்தோம்.
விளக்கணைத்ததும் தெரிந்தது:
விளையாட்டின் நீல வானத்தில், மலைகளுக்கு மேல்,
எந்த வருடத்து டாலரோ
மங்கலாகப் பதிந்து நின்றது.
ஐயோ, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றேன்.
"மேகம்," என்றாள்.

அழுத்தினாள். குதித்தான்.
"இப்போ," என்றாள் மெல்ல, யாரிடமும் அல்ல.
மறுபடி அழுத்தினாள். "இப்போ."
நாளை ஐந்தரைக்கு ஷிஃப்ட் என்று
ஞாபகப்படுத்த வாயெடுத்தேன்;
கார்ச்சாவியைத் தேடுவதாகப் பாவனை செய்து
இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன்.