முள் நிற்கும் இடம்

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு
பாட்டின் நடுவில்,
இழுத்த மூச்சை விடுவதற்குள்,
நிலையம் நின்றது.

அப்புறம் கடிகாரச் சத்தம்.
டிக் டிக் என்று நாற்பது நிமிடம்.
எங்கள் மேசையில் யாரும் பதறவில்லை.
புதுப் பாட்டு இப்படித்தான் ஆரம்பிக்கும்,
பேஸ் பின்னால் வரும் என்றாள் சுல்மிரா.
அவளுக்கு நம்பிக்கை அதிகம்.
மூன்று கணவர்களிடமும் அப்படித்தான் காத்திருந்தாள்.

பேஸ் வரவில்லை, பேஸ்பால் வந்தது.
தொண்டையைச் செருமிக்கொண்டு ஓர் ஆண் குரல்:
இனி இருபத்துநான்கு மணி நேரமும்
விளையாட்டுப் பேச்சு.
முதல் விஷயம், பந்து எறிகிறவன் ஒருவனின்
முழங்கை.

பாவ்டக்கெட் ஊரில்
ஆற்றோரப் பழைய நூலாலையின் இரண்டாம் மாடியில்
பொய்க்கல் ஒட்டுகிற பதினொரு பேர் நாங்கள்.
ப்ரூச்சுக்கு முப்பத்தாறு கல்.
நாலு அடிக்கு ஒரு கல்:
பசை, கல், அழுத்து, அடுத்தது.
யாரும் சொல்லித்தரவில்லை.
ஓடும் பேருந்தில் தொற்றிக்கொள்வது போல
கை தானாகப் பாட்டில் தொற்றிக்கொண்டது.

அன்று மாலைக் கணக்கில்
நூற்றுப்பத்து ப்ரூச் குறைந்தது.
சூப்பர்வைசர் டெமரே படியேறி வந்தார்,
விளக்கை அண்ணாந்து பார்த்தார், பசையை முகர்ந்தார்,
யாருக்காவது உடம்பு சரியில்லையா என்றார்.
ஒருத்தனுக்கு முழங்கை, என்றாள் சுல்மிரா.

ஊர் முழுக்க இதே கதை என்று தெரிய
இரண்டு நாள் ஆனது.
ரொட்டிக்கடை அன்செல்மோ
வானொலியைத் தட்டினான், ஆன்டெனாவைத் திருகினான்,
மாவுக்கையோடு நிலையத்துக்கு போன் போட்டான்.
காத்திருக்கும்போது ஒலிக்கிற இசையாவது
பழையதாக இருக்குமென்று
பதினேழு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தானாம்.
டயாலிசிஸ் நர்ஸ் ஓனாவுக்கு அழுகை வந்தது,
எதற்கென்று சொல்ல வெட்கம்.
கணவன் கேட்டதற்கு வெங்காயம் என்றாள்.
அடுப்பில் இருந்தது பால்.

சனிக்கிழமை இரவு
யார் சொல்லி யார் வந்தது என்று தெரியாது,
நிலையத்தின் வாசலில் இருபது கார்.
வாசலையே அன்றுதான் பார்த்தோம்:
மெத்தைக் கடைக்கு மேல் ஓர் அறை,
பாதி இறக்கிய ஜன்னல் திரை.
அவ்வளவு பெரிய சத்தம்
இந்தப் பொந்திலிருந்தா என்று
யாரோ சிரித்தார்கள்.

எல்லோர் போனிலும் எல்லாப் பாட்டும் இருந்தன.
ஒருத்தன் ஒன்றைப் போட்டான்,
இன்னொருத்தி வேறொன்றை.
நொடியில் சந்தை இரைச்சல்.
எனக்குச் சிவப்பு விளக்கு நினைவுக்கு வந்தது.
நிற்கும்போது பக்கத்து காரின் கண்ணாடி
அதே அடிக்கு அதிரும்,
உள்ளே பேர் தெரியாத ஒருவரின் தலை
என் தலையோடு ஆடும்.
பச்சை விழும். அவர் இடது, நான் வலது.

ஓனாதான் முதலில் செய்தாள்.
தன் காரில் அந்த நிலையத்தையே வைத்தாள்,
பேச்சோடு, முழங்கையோடு.
பிறகு அடுத்த கார். அதற்கடுத்தது.
திறந்த கதவுகளில் எல்லாம் ஒரே குரல்,
ஒரே நொடியில் மூச்சு வாங்கி
ஒரே நொடியில் "ஆனால்" என்றது.
அந்த ஆனாலின் மேல்
சுல்மிரா குதிகாலை வைத்தாள்.
அன்செல்மோ கைதட்டி இடைவெளியை நிரப்பினான்.
தசைநார், அறுவைச் சிகிச்சை, அடுத்த சீசன்
என்று ஆடினோம்,
மெத்தைக் கடை விளக்கின் நீலத்தில்,
எங்களில் பாதிப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு.

மேலே இரண்டு விரல் திரையை விலக்கின.
வானொலியில் அவன்
வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டான்.
அந்த மௌனமும் இருபது காரிலும்
ஒன்றாகத்தான் விழுந்தது.
தூக்கிய காலை யாரும் இறக்கவில்லை.

முழங்கை, என்றான் மறுபடி.

திங்கட்கிழமைக் கணக்கில் நாற்பதுதான் குறைவு.
டெமரே ஒன்றும் கேட்கவில்லை.
முள்ளை யாரும் நகர்த்தவில்லை.
தேறிவருகிறதாம் முழங்கை.