மூன்று வலம், ஒன்று மேல்

பீல் நகரம். ரயில் நிலையத்துக்குப் பின்தெரு, மூன்றாம் மாடி.
கடிகாரப் படங்களுக்குத் தூசி துடைக்கிற வேலை எனக்கு.
என்னிடம் வருகிற எதுவும் ஓடாது.
எல்லாவற்றிலும் மணி
பத்து பத்து.

செவ்வாய்க்கிழமை வந்தது
நாலாயிரத்து நூற்றுப் பதினேழு:
நீல முகம், கன்றுத்தோல் பட்டை,
தேதிக்கென்று ஒரு குட்டி ஜன்னல்.
அதற்குள் இருபத்தெட்டு
இடப்பக்கச் சுவரில் சாய்ந்து நின்றது,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவனைப் போல.

நடுவில் நிறுத்தச் சொல்லி
யாரும் கேட்கவில்லை.
என் கண்தான் கேட்டது.

சுற்றி ஒரு கட்டம் போட்டேன்.
உடனே எறும்புகள் ஊர்ந்தன,
கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி,
சர்க்கரையே இல்லாத மூலையைச் சுற்றி.
பிடித்து இழுத்தேன்.
எறும்புகள் மட்டும் வந்தன.
இருபத்தெட்டு இருந்த இடத்திலேயே.

வேலி நகர்ந்தது, வீடு நகரவில்லை.
ஒரு முழம் வேலி அரக்கியதற்கு
பதினோரு வருடம் கோர்ட்டுக்கு நடந்த குடும்பம் எங்களது.
தனியாகச் சிரித்தேன்.
கொரின் தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி பிரெஞ்சுத் தொலைபேசிக்குள் போய்விட்டாள்.

வேறு விசையை அழுத்திக்கொண்டு இழுத்தேன்.
இம்முறை எண் வந்தது.
பிடுங்கிய பல்லின் குழி மாதிரி
பின்னால் ஓட்டை,
அதில் சாம்பல் கட்டமும் வெள்ளைக் கட்டமும்.
ஒன்றுமில்லாததை
இந்த மென்பொருள் இப்படித்தான் வரைகிறது.

சரி.
பிரதி எடு. பழையதன் மேல் வெள்ளை பூசு.
பிரதியை மெல்ல, மெல்ல...
நொஷாத்தெல் ரயில் போனது.
மேசை நடுங்கியது, மௌஸ் நடுங்கியது,
இருபத்தெட்டு
நிமிட முள்ளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

கையை எடுத்துவிட்டேன்.
இந்த வேலைக்குக் கை மிகப் பெரிது.
அம்பு விசை போதும்:
ஒரு தட்டு, ஒரு பிக்சல்.
ஷிஃப்ட்டோடு தட்டினால் பத்து,
அது அவசரக்காரர்களுக்கு.

பிக்சலுக்குத் தமிழில் என்ன என்று யோசித்தேன்.
இம்மி என்று ஒன்று வைத்திருக்கிறோமே,
பிசகக் கூடாது என்று சொல்வதற்கு மட்டும்.

வலம், ஒன்று. வலம், இரண்டு. வலம், மூன்று.
மேல், ஒன்று.
தெருப்பலகைகூட இரண்டு மொழி பேசும் ஊரில்
மூன்றாவது மொழியில்தான் எனக்கு எண்ண வருகிறது.
அடுக்குகளை ஒன்றாக்கிச் சேமித்தேன்.
அனுப்பினேன்.
எழுந்து போய்த் தேநீர் போட்டேன்.

வியாழன் காலை ஹோஸ்டெட்லர் வந்து நின்றார்,
குரல் உயர்த்தாமல்.
கோபத்தில் அவர் அப்படித்தான்.
"அந்தக் கடிகாரத்தில் தேதி
இடப்பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.
வாங்குகிறவர் மணிக்கட்டையும் படத்தையும்
பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.
நீ திருத்தியது படத்தை அல்ல, துளசிகா,
கடிகாரத்தை."

மூலப் படம் கொரினின் பழைய வட்டில்,
வட்டு பழுதுபார்க்கிற கடையில், கடை மதியம்வரை பூட்டு.
செய்தவற்றின் பட்டியலும் கோப்பை மூடியபோதே போய்விட்டது.
எண்ணிக்கை இருந்தது
என் விரலில் மட்டும்.

இடம், ஒன்று. இடம், இரண்டு. இடம், மூன்று.
கீழ், ஒன்று.

எண்ணூறு சதவீதத்தில் பார்த்தேன்.
மூன்றா, நான்கா?
ரயில் போனபோது ஒரு தட்டு கூடியிருக்குமா?
எறும்புகள் ஓடிக்கொண்டே இருந்தன,
அவற்றுக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை.
அனுப்பிவிட்டேன்.

அட்டவணை அச்சாகி வந்துவிட்டது.
அறுபத்திரண்டாம் பக்கம்.
பூதக்கண்ணாடி இழுப்பறையில் இருக்கிறது.
இன்னும் எடுக்கவில்லை.