கேஸ் ஷீட்

சாவியைத் திருப்பினால்
டிக்.
ஒரே ஒரு டிக், பல்லி சொன்ன மாதிரி.
பிறகு ஒன்றுமில்லை.

எல்லா நாளும் இல்லை, அதுதான் வில்லங்கம்.
திங்கள்கிழமை ஏர்வாடியில் மறுக்கும்,
செவ்வாய் மாவடி வரை போய்வரும் பூப்போல.
வள்ளியூருக்கு ஓட்டிப்போய் மீராசா முன் நிறுத்தினால்
பத்துக்குப் பத்து தடவை எடுக்கும்.
"நல்லாத்தாம்லா எடுக்கு, டாக்டரம்மா."
வீட்டில் ஆளை உதைத்த மாடு
ஆஸ்பத்திரிக் கொட்டிலில் தாடையைத் தடவக் கொடுத்து நிற்குமே,
அந்த முழி வண்டிக்கு.

என் நோயாளிகள் எவரும் வாய்திறந்து சொன்னதில்லை.
காதைத் தொட்டு, சாணியைக் கிளறி,
அசைபோடுவதை எண்ணிச் சம்பளம் வாங்குகிறவள் நான்.
நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி
அட்டையில் எழுதினேன்:
மாருதி எண்ணூறு, வெள்ளை, வயது இருபத்தெட்டு,
முன்பு வைத்திருந்தவர் அம்பாசமுத்திரத்து எல்ஐசி ஏஜென்ட்.

பத்தாம் தேதி. களக்காடு. வெயில். டிக்.
பதினொன்று. தூறல். எடுத்தது.
பதினான்கு. திருக்குறுங்குடி, புளியமர நிழல். டிக், டிக், மூன்றாவதில் எடுத்தது.
பதினேழு. கோழிகளுக்குத் தடுப்பூசி. எழுத மறந்தேன்.

வெயில் இல்லை காரணம், மழை இல்லை, மேடு பள்ளம் இல்லை.
மீராசா பேட்டரி மாற்றினார்.
செல்ஃப் மோட்டாரைக் கழற்றிக் கார்பன் போட்டார்,
சொலினாய்டு,
கடைசியில் சாவி சுவிட்சையே.
ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒரு வாரம் குணம்.
அந்தக் குணத்தை எனக்குத் தெரியும்.
ஊசி போட்டவர் பேரைக் காப்பாற்றத்
தானாகவே தணிகிற காய்ச்சல் அது.

ஆடிக் காற்று. சிதம்பராபுரம்.
இரவு பதினொன்றுக்குச் சொர்ணக்கிளியின் பசு;
கன்று பின்னங்கால் முந்தி வந்தது.
தோள்வரை கைவிட்டு, கயிறு மாட்டி, இழுத்து,
ஒரு மணிக்குத் தாய்க்கும் கன்றுக்கும் மூச்சு.
வாழை இலைகள் காற்றில் கிழிந்துகொண்டே இருந்தன.
சாவி.
டிக்.

"தள்ளுதேன், நீங்க ஏறுங்க" என்று சேலையைச் செருகினாள்.
வேண்டாமென்று அவளையே உட்காரவைத்து,
முகப்பு விளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.
டிக். டிக். டிக்.
விளக்கு மங்கவில்லை.
எதிரே வாழைத்தண்டில் வெளிச்சம் இமைக்காமல் நின்றது.
பானெட்டுக்குள் கையை விட்டேன்,
காய்ச்சல் பார்க்கிற பழக்கத்தில், புறங்கையால்.
இரண்டு மணி நேரமாக நின்ற வண்டி, எஞ்சின் ஆறிக் கிடந்தது.
கிளட்ச் கேபிள் மட்டும்
சுட்டது.

கிளட்ச் கேபிள்!
கரண்ட்டுக்கும் அதற்கும் கொடுக்கல் வாங்கலே கிடையாது.
இந்த வருஷம் இரண்டு முறை மாற்றியிருந்தேன்,
வேறு பில், வேறு நோய் என்று.

சொர்ணக்கிளி டார்ச் பிடிக்க
கியர்பெட்டியிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையைத் தேடினேன்.
மேலே பார்க்க முழுசு.
போல்ட்டுக்கு அடியில் களிம்பேறி, பின்னல் அறுந்து,
மூன்று செம்பிழை மிச்சம்.
அவை தொட்டுக்கொண்டால் வண்டி ஓடும்.
விலகினால், திரும்ப வழியற்ற கரண்ட்
கேபிளுக்குள் இடுங்கி நுழைந்து சூடாகித் தோற்கும்.
போகிற பாதையை எல்லாம் காசு கொடுத்துப் புதிதாக்கியிருந்தோம்.
வருகிற பாதையை யாரும் குனிந்து பார்க்கவில்லை.

மோட்டார் ரூமில் கிடந்த போர் கேபிள் துண்டைக் கொண்டுவந்தாள்.
தோலுரித்து, நான்காய் மடித்து,
ஒரு நுனி பேட்டரியின் கறுப்பில், மறுநுனி எஞ்சின் கொக்கியில்.
எடுத்தது.
சத்தத்தில் மிரண்டு கன்று எழுந்தது, விழுந்தது, எழுந்தது.

புதுப் பட்டை நூற்றுப் பத்து ரூபாய்.
பழைய பில்களைப் பற்றி மீராசா பேசவில்லை.
டீ சொன்னார், வடையும்.

முப்பத்தொரு நாள் நோட்டில்
எடுத்தது, எடுத்தது, எடுத்தது.
நேற்று நம்பியாற்றுப் பாலத்தருகே
ஒரு டிக்.
இரண்டாம் திருப்பில் எடுத்துவிட்டது.
கை வழுக்கியிருக்கலாம். அரைகுறையாய்த் திருப்பியிருக்கலாம்.
இறங்கிப் புறங்கையால் கேபிளைத் தொட்டேன்,
குளிர்ந்திருந்தது.
'குணம்' என்று எழுத வைத்திருந்த பக்கத்தில்
தேதியைப் போட்டு
இதை எழுதினேன்.