சாக்கு எடை

ஐம்பது கிலோ அரிசி மூட்டையில்
சாக்கு மட்டும் ஐந்நூற்று எண்பது கிராம்.
அதைக் கழித்துத்தான் கணக்கு.
பதினாலு வருஷமாகக் கழிக்கிறேன்,
தண்டையார்பேட்டை ரேஷன் கடையில் எடை போடுகிறவன் நான்.
"குறையுதுண்ணே" என்று ஒரு குரலாவது கேட்காமல்
எங்கள் ஷட்டர் இறங்கியதில்லை.

அந்தப் புதன்கிழமை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
மகளைத் தராசில் ஏற்றினேன்.
தெபோரா. பன்னிரண்டு வயது.
முப்பத்தாறு கிலோ பிரிவில் குத்த வேண்டியவள்.
முப்பத்தேழு புள்ளி ஏழு நான்கு.

"மூணு சாக்குதாம்பா" என்று சிரித்தாள்.
கணக்கு சரியாக இருந்தது.
நானும் சிரித்தேன்.

உலகநாதன் மாஸ்டர் கெட்டவர் இல்லை,
பிள்ளைகளின் கையுறைக்குத் தன் பைக்கை அடகு வைத்தவர்.
"சொந்த எடையில விட்டா
மேலேர்ந்து எறங்கி வர்றவ அடிப்பா.
எல்லாரும் எறக்குறாங்க" என்றார்.
அரிசியை ஏற்கெனவே நிறுத்தியிருந்தோம், உப்பையும்.
வியாழன் மதியத்திலிருந்து தண்ணீரை.

வெள்ளிக்கிழமை எங்கள் தெருவுக்கு லாரி வரும் நாள்.
பதினோரு குடம் அவள்தான் பிடித்து வைத்தாள்.
கையில் தெறித்ததைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள்.
நக்கவில்லை.
நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
நக்குகிறாளா என்று.

மே மாதம். எண்ணூர் விரைவுச் சாலையில்
வரிசைகட்டி நின்ற கன்டெய்னர் லாரிகளை ஒட்டி
ஸ்வெட்டர், அதற்கு மேல் மழைக்கோட்டு, ஓடினாள்.
கிளீனர் பையன் ஒருவன் குனிந்து கேட்டான்:
"எங்க பாப்பா மழை?"
வீட்டுக்கு வந்து வாயில் புளியை அடக்கி
எச்சிலைப் பாட்டிலில் துப்பினாள்.
பாட்டிலில் பேனாவால் கோடு போட்டிருந்தாள்.
ஸ்கூல் நோட்டில் போடுகிற அதே நேர்க்கோடு.

ராத்திரி அவள் அம்மா வந்து சொன்னாள்,
"டிக்காஷன் மாதிரி போவுது, அதுவும் ரெண்டு சொட்டு."
சூடு, வெயில், என்றேன்.
அதுவும் ஒரு சாக்கு,
எந்தத் தராசிலும் கழியாதது.

சனி காலை அறுபது கிராம் மிச்சம்.
பின்னலைக் கத்தரித்தோம்.
முப்பத்தாறு, புள்ளி, பூஜ்யம், பூஜ்யம்.
மேஜைக்குப் பின்னால் இருந்தவர் கட்டைவிரலை உயர்த்தினார்.
என் கடைத் தராசு துல்லியம் என்று
எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

மாலை.
குடித்த குளுக்கோஸ் வயிற்றில் நிற்கவில்லை.
முதல் சுற்றில் இடக்கை போனது,
திரும்பி வர நேரம் எடுத்தது,
கடன் வாங்கப் போன ஆள் மாதிரி.
இரண்டாம் சுற்று மணி அடித்ததும்
எதிர் மூலைக்குப் போய் அந்தப் பெண்ணின் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
கூட்டம் சிரித்தது.
அந்தப் பெண் சிரிக்கவில்லை.
தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.
பிடிக்க விரல் மடங்கவில்லை தெபோராவுக்கு.
பிறகு கெண்டைக்கால் இழுத்தது. பிறகு கண் செருகியது.

ஸ்டான்லியில் நர்ஸ் ஊசியும் கையுமாகக் கேட்டார்:
"பாப்பா எத்தனை கிலோ?
எடைக்குத் தக்கனதான் ஏத்தணும், சரியாச் சொல்லுங்க."
முப்பத்தாறு, என்றார் மாஸ்டர்.
முப்பத்தொம்பது, என்றாள் அவள் அம்மா,
போன மாசம் பள்ளிக்கூடத்தில் எழுதிக்கொடுத்தது.
எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
எடை போடுகிறவன் நான்.

செவ்வாய்க்கிழமை எழுந்து உட்கார்ந்தாள்.
சிறுநீரகத்துக்கு இன்னொரு டெஸ்ட் இருக்கிறதாம்.
நான் கடைக்கு வந்துவிட்டேன்.

காலிச் சாக்கை வைத்து பட்டனை அழுத்தினால்
தராசு பூஜ்யம் காட்டும்.
சாக்கை எடுத்துவிட்டால்
மைனஸ் ஐந்நூற்று எண்பது.
வெறும் தட்டில் சிவப்பாக எரிகிறது அந்த எண்.

"போடுண்ணே, வெயில்ல நிக்கிறோம்"
என்கிறது வரிசை.