அரை மில்லிமீற்றர்

வெள்ளி பின்னேரம் தலையைக் கழற்றினேன்.
முன் சிலிண்டர் கண்ணாடி.
பின் சிலிண்டர்
யாரோ கோபத்தில் ஆணியால் கீறின சுவர்.
பிஸ்ரனின் ஒரு பக்கம் உருகி
றிங்கோடு ஒட்டிக் கிடந்தது,
அடிப்பிடித்த பால்ச்சட்டி மாதிரி.

றெஜினோல்ட் கேட்டது ஒன்றுதான்:
"மாரிக்கு முதல் ஓடுமோ?"
தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜெற் ஸ்கி.
பெந்தோட்டையில் ஹோட்டலொன்று மூடியபோது
ஏலத்தில் எடுத்து, லொறியில் ஏற்றி வந்து,
கசூரினாவில் ஒரு சுற்று ஆயிரத்தைந்நூறு என்று
பலகையும் எழுதிவிட்டான்.
பலகை இப்போது என் பட்டறை ஒழுக்குக்குக் கீழே.

பழைய பேப்பரில் இரண்டு விலை எழுதினேன்.
கொம்பனிப் பிஸ்ரன் ஒன்று நாற்பத்தெட்டாயிரம்,
கொழும்பிலிருந்து வர ஆறு கிழமை.
தாய்வான் சோடி முப்பத்தொன்று,
றிங்கும் பின்னும் அதற்குள்ளேயே,
புதன்கிழமை பஸ்ஸில் வரும்.
படத்தில் இரண்டும் ஒரே மினுக்கம்.

மினுக்கத்தை நான் நம்புவதில்லை.
முன்பொருமுறை தேவசகாயத்தின் மோட்டருக்கு
மலிவு றிங் போட்டுக் கொடுத்தேன்.
நடுக்கடலில் நின்றுபோனது.
விடியும்வரை தண்டு வலித்துக் குருநகர் சேர்ந்தவன்
திட்டவில்லை.
உடைந்த றிங்கை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான்.

ஆகவே கிராங் சீல் கொம்பனி. அதில் கதையில்லை.
காற்று களவாய் உள்ளே வந்தால் கலவை மெலியும்,
மெலிந்தால் சூடு,
பிறகு இதே சுவர், இதே கீறல்.
அடிக் காஸ்கெற் தாய்வான் காணும்.
"எண்ணெய்ப் பம்பைக் கழட்டுங்கோ,
பெற்றோலோட கையால கலப்பம்."
ஆர் கலக்கிறது, றெஜினோல்ட்?
சனிக்கிழமைச் சனத்துக்கை
ஒரு கையில போனோட நிக்கிற உன்ர மச்சானோ?
பம்ப் கிடக்கட்டும். குழாய் புதுசு.

மிச்சம் அந்த அரை மில்லிமீற்றர்.
"ரெண்டையும் குடையுங்கோ,
சோடி சோடியா இருக்கவேணும்,"
என்றார் கொக்குவில் லேத்துக்காரர்.
பக்கத்து அறை எரிந்ததற்காக
இந்தச் சுவரையும் இடிப்பதா?
மைக்றோமீற்றரை மூன்றுதரம் வைத்தேன்.
மூன்றுதரமும் அது முன் சிலிண்டர் பக்கமே பேசியது.

பெரிய பிஸ்ரன் ஒன்று மட்டும் எடுப்பித்தேன், கொம்பனி.
பழையதையும் புதியதையும் சாரத்தில் துடைத்துக்கொண்டு
கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தேன்.
தராசுக்காரர் மூக்கைச் சுளித்தார்,
ஆனாலும் நிறுத்தார்.
"நாலு கிராம் வித்தியாசம். அரைப் பவுன்!"
அவருக்கு அது பெரிய தொகை.
எனக்கு, பின்னை அரத்தால் தடவுகிற வேலை.

ஐப்பசி முதல் கிழமை, களங்கட்டி ஓரம்.
இரண்டாம் உதைப்பில் பிடித்தது.
நீலப் புகை, பிறகு புகையில்லை.
றெஜினோல்ட் கூவிக்கொண்டு போனான்
இருநூறு யார்.
சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை.
நின்றது.

இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய்
அடியில் கைவிட்டேன்.
பம்ப் வாய் முழுக்கச் சாதாளை,
அதற்குள் ஒரு ஷொப்பிங் பை.
அவன் தலையில் கைவைத்து
"என்சின் போட்டுதோ?" என்கிறான்.

பேசாமல் இரு.
கொஞ்சம் கேட்கவிடு.
சூடு ஆறும் இரும்பு
டிக், டிக் என்கிறது.
இரண்டு பக்கமும்
ஒரே மாதிரி.