சக்கரத்துக்கு அடிகள் இல்லை

பன்னிரண்டு தவணையில் வாங்கினேன் உன்னை.
ஏழு கட்டியாயிற்று.
ஐந்து பாக்கி இருக்கும்போதே
என்னை அதட்டத் தொடங்கிவிட்டாய்.

வால்டிவியாவில் ஜூன் மாதம்
மழை நின்றால்தான் செய்தி.
கொட்டகையில் விறகு பிளக்கிறேன்.
கோடரி இறங்க இறங்க
மணிக்கட்டில் அதிர்ந்து கேட்கிறாய்:
டென்னிஸ் ஆடுகிறீர்களா?
ஆமாம் என்று அழுத்தினேன்.
நாற்பது நிமிட டென்னிஸில்
இரண்டு நாள் அடுப்பு எரிந்தது.

ரொட்டி மாவு பிசைந்தால் அறுநூறு அடி.
எலியேசரின் சட்டைகளை அலசிப் பிழிந்தால் முந்நூறு.
அண்டை வீட்டு ஒர்ஃபெலினாவோடு
கை வீசிப் போட்ட வேலித் தகராறுக்கு
எண்பத்தொன்று.
தாராளமான கணக்குப்பிள்ளைதான் நீ.

ஆனால் ஞாயிறு காலை
அவரை நாற்காலியில் உட்காரவைத்து
கம்பளியைக் காலுக்கடியில் செருகி
ஆற்றங்கரையோடு மூன்று கிலோமீட்டர்
தள்ளிக்கொண்டு போகிறேனே,
பாலத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கி,
கல் இடுக்கில் மாட்டிய முன்சக்கரத்தை
இடுப்பால் முட்டி எழுப்பி,
அதற்கு மட்டும்
கைப்பிடியை விடாத கை அசையவில்லை என்று
பூஜ்யம் போடுகிறாய்.
மீன் சந்தை வாசலில் நின்று
முகத்து வேர்வையையும் மழையையும்
ஒரே துணியில் துடைக்கும்போது
ஒரு துடிப்பு:
நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள்,
எழுந்து நடக்கலாமே!

கீழே படித்துறையில் கடல்சிங்கங்கள்.
ஒவ்வொன்றும் முந்நூறு கிலோ சோம்பல்.
எறிகிற மீன் தலைக்குக்
கழுத்தை மட்டும் திருப்பும்.
"இதுகளுக்குக் கட்டிவிட்டால்
என்ன சொல்லும் யஸ்னா, உன் கடிகாரம்?"
என்றார் எலியேசர்.
சிரித்தோம்.
கூரையிலிருந்து விழுந்த பிறகு
அவர் சிரிப்பில் பாதி இருமல்.

உன்னைக் குறை மட்டும் சொன்னால்
என் நாக்கு அழுகிப் போகும்.
ஆகஸ்டில் ஒரு பின்னிரவு
நான் அசந்து தூங்க,
என் நெஞ்சு நூற்று முப்பத்தெட்டில்
தனியாக ஓடிக்கொண்டிருந்ததை
நீதான் பார்த்தாய்.
ஓராண்டாகக் களைப்பு என்று
நான் பெயர் வைத்திருந்ததற்கு
மருத்துவமனையில் வேறு பெயர் இருந்தது.
காலையில் ஒரு மாத்திரை, இரவில் ஒன்று.
நான் போயிருந்தால்
யார் தள்ளுவது
உன் கணக்கில் ஏறாத அந்த மூன்று கிலோமீட்டரை?

அப்புறம்தான் பிடித்தது பைத்தியம்.
உருளைக்கிழங்கு உரிக்கும்போது பார்ப்பேன். எண்பத்தெட்டு.
ஏன் எண்பத்தெட்டு என்று நினைப்பேன்.
தொண்ணூற்றாறு.
பார்ப்பதாலேயே ஏறுகிறது என்று தெரிந்தும்
பார்ப்பேன்.

"கழற்றித் தொலை,
இல்லாவிட்டால் எனக்குக் கட்டு" என்றார்.
விளையாட்டாகக் கட்டினேன்.
நான்கு இரவுகள்.

ஒவ்வொரு காலையும் அவர் சொல்வது ஒன்றுதான்,
விபத்துக்குப் பிந்தைய ஆறு வருடமாகச் சொல்வது:
"கட்டை மாதிரித் தூங்கினேன். நீ?"

நீ வேறு சொன்னாய்.
முதல் இரவு, ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
அடுத்தது, இரண்டு மணி நான்கு.
இரண்டிலிருந்து ஐந்துவரை
விழிப்பு, விழிப்பு, விழிப்பு.
அசைவு ஏதுமில்லை என்றும் எழுதியிருந்தாய்.
பக்கத்தில் படுத்திருப்பவள் எழுந்துவிடாதபடி
ஒரு மனிதன் எவ்வளவு அசையாமல் இருக்க முடியும் என்பதற்கு
உன்னிடம் கட்டம் இல்லை.

கோள் சொல்லியே,
கேட்காததை ஏன் சொன்னாய்?

"நானும்தான்" என்றேன் அவரிடம்.
பதிவுகளை அழிக்கட்டுமா என்று கேட்டாய்.
அழித்தேன்.

அன்று ராத்திரி
உன் துடிப்பு இல்லாமலே விழித்தேன்.
தகரத்தில் சத்தம் குறைந்திருந்தது.
இருட்டைப் பார்த்துக் கேட்டேன்,
"மழை விட்டுவிட்டதா?"

உடனே வந்தது பதில்,
சுவர்ப் பக்கமிருந்து:
"இன்னும் இல்லை."