ஐப்பசி ஈரம்

சாயக் கழிவு நிலையத்தில் எனக்கு இரவு ஷிப்ட்.
ஆவியாக்கும் தொட்டியின் விளிம்பில்
உப்பு தன் இஷ்டத்துக்கு முளைக்கும்.
சுரண்டி வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

ஒட்டுப்பலகை, பனியன் வேஸ்ட்,
வார்ப்பட்டறைக் கரிமணல்,
காங்கேயம் போகும் வழியில் பொறுக்கிய காக்காப்பொன்.
ஈரோட்டு மஞ்சளைக் குழைத்துப் பூசி
சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு:
மஞ்சள் திடுக்கிட்டுச் சிவக்கும்.
எத்தனை முறை பார்த்தும்
நானும் கூடவே திடுக்கிடுகிறேன்.

நொய்யலில் இன்னும் பிழைத்துக் கிடக்கிறது ஒரு பாசி.
நுண்ணோக்கியில் அதன் ஓடெங்கும் வரிவரியாய்க் கோடுகள்.
ஊசியால் கீறிப் பார்த்தேன்,
பதினெட்டாவது கோட்டில் கை நடுங்கிவிட்டது.
நடுக்கத்தை அப்படியே விட்டேன்.

வாடகைக்கு வந்த கிட்டுசாமி
இரண்டு எட்டு பின்னால் போய்த் தலையைச் சாய்த்தார்.
"ஏனம்மிணி, நம்மூரை மேலிருந்து
பாத்தாப்புல இருக்குது?"
ஊரை நான் வரையவில்லை.
மறுக்கவும் இல்லை.

ஐப்பசியில் காற்று நனைந்ததும்
சுவரில் மாட்டிய படம் வியர்த்தது.
உப்பு இறங்கி, சிவப்பின் ஓரத்தைத் தின்று,
காய்ந்தபோது
நான் போடாத ஒரு வெள்ளைக் கிளை.

மூலையில் தேதி எழுதியிருந்தேன்.
அழித்துவிட்டேன்.